திறக்காத பெட்டிகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் முழங்கால் அந்த ஊர்ப் பனியில் என்ன பாடுபடுகிறதோ என்று இவள் தினமும் கேட்கிறாள். நர்ஸ் அல்லவா, ஊரார் மூட்டெல்லாம் அவள் கவலை. சமையலறைக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுவது மட்டும் கண்ணில் படாது. போனில் பேசினால் நான் "ம்" போடுவதோடு சரி என்று நீ திட்டுவாய். அதனால் எழுதுகிறேன்.

நேற்று எங்கள் மீன்வளத் துறை ஆபீசில் ஒரு சம்பவம். ஆற்றில் மீன்பிடிக்கிறவர்களின் சங்கத்துக்கு ஒரு தலைவி உண்டு. எல்லோரும் படகுக்காரி என்பார்கள். ஈரச் சாக்கு ஒன்றைத் தூக்கி வந்து என் மேஜைமேல் கொட்டினார். முழங்கை நீளத்தில் ஒரு மீன், இன்னும் உயிரோடு. எடுக்கப்போன பேனாவைக் கவ்வியது. அவர் அதை முழங்கையால் அழுத்திப் பிடித்து, இடுப்பிலிருந்த கத்தியால் வயிற்றைக் கிழித்தார். உள்ளேயிருந்து பாதி கரைந்த பொடிமீன்கள் என் பதிவேட்டின்மேல் வழிந்தன. பதினொன்று வரை எண்ணினார், பிறகு எண்ண முடியவில்லை.

"முப்பது வருஷமா வலை போடுறேன் சார். இந்த ஜாதியப் பாத்ததில்ல. உங்க புஸ்தகத்துல இருக்கான்னு பாருங்க" என்றார். பின்னால் அவர் கணவர் கையில் கட்டோடு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். இதே மீன் அவருடைய சுண்டுவிரல் நுனியைக் கொண்டுபோய்விட்டதாம்.

என் புத்தகத்தில் இல்லை. வாலில் ஒரு துண்டு வெட்டித் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

சும்மா ஒரு சந்தேகம் கேட்கிறேன். மரபணு மாற்றிய மீன்முட்டையை ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு நாட்டிலிருந்து இறக்கினால், உன் அலுவலகம் கவனிக்கிற பன்னாட்டு உடன்படிக்கைப்படி குற்றம் யார் தலையில் விழும்?

மாத்திரையை நிறுத்தாதே.

உன் தம்பி

*

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது, மீன்வாடையோடு. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போக நினைக்கிறது. அவளைக் கேட்டதாகச் சொல்.

கேள்விக்குப் பதில். மரபணு மாற்றிய உயிர் எதையும் எல்லை தாண்டி அனுப்புவதற்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெறுகிற நாடு ஆபத்தை ஆராய்ந்து சம்மதம் தர வேண்டும். சம்மதமில்லாமல் வந்தால் அது கள்ளச் சரக்கு. அது ஆற்றில் இறங்கிவிட்டால் யார் பொறுப்பு, யார் ஈடுகட்டுவது என்பதைத்தான் மூன்று வருடமாக எங்கள் குழு எழுதிக்கொண்டிருக்கிறது. "கொண்டுவந்தவர்" என்று போடலாமா, "கையில் வைத்திருந்தவர்" என்று போடலாமா என்று போன வாரம் இரண்டு நாள் சண்டை. எண்பது பேர், ஒரு சொல். தண்ணீர் ஜாடி ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.

ஆனால் ஒன்று. சின்ன வயதில் நீ "சும்மா கேட்கிறேன்" என்று வந்தால் வீட்டில் எங்கோ ஒரு கண்ணாடி உடைந்திருக்கும். இப்போது என்ன உடைந்திருக்கிறது?

அக்கா

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

ஆய்வக முடிவு வந்துவிட்டது. அந்த மீனில் வேறோர் உயிரின் மரபணு இருக்கிறது. இரண்டு வருடத்தில் வளர வேண்டியது ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும், அதற்கேற்ப பசியும் அதிகம். ஆற்றங்கரையில் ஒருவருக்குப் பன்னிரண்டு பண்ணைக் குளங்கள் இருக்கின்றன. குளத்துக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் வளர்த்திருக்கிறார். போன மழையில் கரை உடைந்தபோது மீன்கள் ஆற்றுக்குப் போயிருக்கின்றன.

முடிவு எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. போன வியாழன் காலை ஏழு மணிக்குச் சங்கத்து ஆட்கள் அறுபது பேர் கடப்பாரையோடு குளங்களுக்குப் போனார்கள். தகவல் கேட்டு நான் ஓடினேன். நான் போவதற்குள் குளத்துக்காரரின் காவலாட்கள் இரும்புக் குழாய்களோடு வந்துவிட்டார்கள்.

அக்கா, சண்டை என்றால் சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. சேற்றில் கால் புதைந்து, மூச்சு வாங்கி, வேலை செய்கிறவர்கள் மாதிரி அடித்துக்கொண்டார்கள். எலும்பு முறிகிற ஓசை மட்டும் காய்ந்த விறகை ஒடிப்பதுபோலத் தனியாகக் கேட்டது. காவலாள் ஒருவனின் முகத்தைச் சேற்றுக்குள் அழுத்தி மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிடித்து இழுத்தேன். அவன் பிழைத்துக்கொண்டான்.

படகுக்காரியின் கணவர் சண்டைக்கே வரவில்லை. மனைவியைத் திரும்பக் கூட்டிப்போக வந்தவர். கட்டுப் போட்ட கையைத் தூக்கி "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று நடுவில் போனார். குழாய் அவருடைய காதுக்கு மேலே இறங்கியது. விழுந்தவரை அதே ஆள் இன்னும் இரண்டு தடவை அடித்தான்.

ஆஸ்பத்திரியில் இவள்தான் அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்தாள். நாற்பது நிமிடம் அவருடைய நெஞ்சை அழுத்தினாளாம். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே இருந்தாள்.

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. உனக்கு அடி ஏதும் படவில்லையே? அதை நீ எழுதவில்லை. அவளைக் கொஞ்ச நாள் லீவு போடச் சொல்.

ஆறு உங்கள் எல்லையோடு நிற்கவில்லை. கீழே இருக்கிற நாட்டிலும் அந்த மீன் வலையில் சிக்கிவிட்டது. அவர்கள் எங்கள் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள். கோப்பு என் பிரிவுக்குத்தான் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், கவனி. முட்டைகள் வானத்திலிருந்து விழவில்லை. பெட்டி பெட்டியாகத் துறைமுகத்தில் இறங்கியிருக்கும். மாதிரி எடுத்துச் சோதித்துப் பார்த்துத்தான் விடுவிக்க வேண்டும். விடுவித்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவன் இருப்பான். குளத்துக்காரன் எப்படியும் அவன் பின்னால்தான் ஒளிவான். உன் துறைதானே, அவன் யாரென்று கண்டுபிடி. ஒரு மனிதனின் மண்டை உடைந்து உயிர் போனதில் அவனுக்கும் பங்கு உண்டு.

உடனே பதில் எழுது.

அக்கா

*

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை. இங்கே வெயில் கொளுத்துகிறது. குழாயைச் சரிசெய்துவிட்டேன்.

அடித்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். குளத்துக்காரரும் உள்ளே போய் ஜாமீனில் வந்துவிட்டார். போன வாரம் என் ஆபீசுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். டீ வேண்டாம் என்றார். ஒரு தாளின் நகலைக் காட்டிவிட்டு, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

படகுக்காரி தினமும் ஆபீஸ் வாசலுக்கு வந்து "யாரு சார் உள்ள விட்டது? தெரிஞ்சுதா?" என்று கேட்கிறார். விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஜூன் 30

தம்பிக்கு,

நான் நலம்.

கோப்பு வந்துவிட்டது. நாற்பத்திரண்டு தாள்கள். பதினேழாவது தாள், போன வருடம் மே மாதம் நூற்றிருபது பெட்டி மீன்முட்டையை விடுவித்த சான்று. "மாதிரி எடுத்துச் சோதிக்கப்பட்டது, சாதாரண வளர்ப்பு மீன்" என்று இருக்கிறது. கீழே கையெழுத்து.

பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகியவன் நீ. உன் கையெழுத்தை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கோப்பை வேறொருவரிடம் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன். எங்கள் குழுவின் மூன்று வருட வேலையிலிருந்து எழுந்து வெளியே வந்தபோது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

அக்கா

*

ஜூலை 19

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவரால் இப்போது உட்கார்ந்து எழுத முடியாது. உயிருக்கு ஆபத்தில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கம்பி கட்டியிருக்கிறோம். இடது கை முறிந்திருக்கிறது. மூன்று விலா எலும்பு.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை அவர் ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார். படகுக்காரியும் மற்றவர்களும் வலை பின்னிக்கொண்டிருந்தார்களாம். கையெழுத்துப் போட்டது தான்தான் என்று நின்றபடியே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஒரு பெட்டியக்கூடத் தொறந்து பாக்கலையா?" என்றிருக்கிறார். இவர் இல்லை என்றிருக்கிறார். அந்த அம்மாள் எழுந்து படகிலிருந்த துடுப்பை எடுத்து இவர் முகத்தில் அடித்திருக்கிறார். விழுந்த பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மிதித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாளே ஆட்களை விலக்கி, தன் படகில் போட்டு, ஆஸ்பத்திரிப் படித்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாசலில் நின்று என்னிடம் சொன்னார்: "இவர அடிச்சது நான்தான். எழுதிக்கங்க." அவருடைய கணவர் படுத்திருந்த அதே தள்ளுவண்டியில்தான் இவரைப் படுக்கவைத்தோம். நாங்கள் இரண்டு பெண்களும் அந்த வண்டியைப் பார்த்தோம். நான் எழுதவில்லை. போலீஸ் வந்து கேட்டதற்கு இவர் "படியில் விழுந்தேன்" என்று தாளில் எழுதிக் காட்டினார். எங்கள் வீட்டில் படியே கிடையாது, அண்ணி.

இப்போது உங்களுக்குத் தெரிய வேண்டியது. போன வருடம் மே மாதம் எனக்கு ஐந்தாவது மாதம். உங்களிடம் ஏழு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை இரத்தப்போக்கு நிற்கவில்லை. இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தபோது குளத்துக்காரரின் ஏஜெண்ட் தாளோடு வந்திருக்கிறான். சோதனைக்குப் பதினைந்து நாள் ஆகும், அதற்குள் முட்டை எல்லாம் செத்துவிடும், சாதாரண மீன்தான் சார் என்றிருக்கிறான். இவர் தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உள்ளே எங்கள் குழந்தை போய்க்கொண்டிருந்தது.

அது என்ன தாள் என்று எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. குழந்தையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். கோபம் என்மேல் இருக்கட்டும்.

உங்கள் தம்பி மனைவி

*

ஆகஸ்ட் 3

என் செல்லங்களுக்கு,

உங்கள் இருவர்மேலும் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? நான் அத்தையாக இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். அதை நினைத்து அழுதேன். அவ்வளவுதான்.

தம்பி, இனி எழுதுவதைக் கவனமாகப் படி. விசாரணைக் குழு உன்னைக் கூப்பிடும். மாதிரி எடுக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நீ சொன்னால் வேலை போகும், சிறையும் உண்டு. படகுக்காரியின் கணவர் செத்ததுவரை இழுப்பார்கள்.

ஆகவே இப்படிச் சொல். பெட்டியைத் திறந்தேன், மாதிரி எடுத்தேன், கண்ணுக்குச் சாதாரண முட்டையாகத்தான் இருந்தது, மாதிரிக் குப்பி குளிர்பெட்டி பழுதானபோது கெட்டுப்போனது. மரபணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. குளத்துக்காரனும் ஏமாந்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். தப்பட்டும்.

நான் என்ன எழுதுகிறேன் என்று எனக்குத் தெரியும். இந்த வயதுக்கு மேல் எனக்கு ஆறு வேண்டாம், மீன் வேண்டாம், உடன்படிக்கை வேண்டாம். நீ வேண்டும்.

படித்ததும் கிழித்துவிடு.

அக்கா

*

அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது மென்று சாப்பிடுகிறேன். பேச்சு மட்டும் வாயில் கூழாங்கல் இருப்பது மாதிரி வருகிறது. இவள் மறுபடி வேலைக்குப் போகிறாள்.

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்தேன். விசாரணைக்குப் போகிற வழியெல்லாம் நீ சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். குளிர்பெட்டி, குப்பி, பழுது. உள்ளே போய் உட்கார்ந்தேன். குளத்துக்காரர் முன்வரிசையில் இருந்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார். படகுக்காரி பின்னால், சுவரோரம்.

"பெட்டிகளைத் திறந்தீர்களா?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. வராந்தா, சுவர், ஏஜெண்ட் சொன்னது, எல்லாம். சோதனை நடந்துவிடக்கூடாது என்று ஏஜெண்டை ஆஸ்பத்திரிவரை அனுப்பியது யார் என்று கேள்வி குளத்துக்காரர் பக்கம் திரும்பியது. மத்தியானம் ஏஜெண்டைக் கூப்பிட்டார்கள். அவன் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. என்ன முட்டை என்று முதலாளிக்கு முதலிலிருந்தே தெரியும் என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலம் படியிறங்கும்போது குளத்துக்காரர் போனில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு முன்னால் போனார். தூணுக்குப் பின்னாலிருந்து படகுக்காரி வந்தார். கையில் மீன் அறுக்கிற கத்தி. ஓடவில்லை, நடந்துதான் வந்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்தேன். கழுத்தைப் பார்த்தார்.

நான் குறுக்கே போய்க் கத்தியைப் பிடித்தேன். பிடி என்று நினைத்தது அலகு. வலது உள்ளங்கையில் எலும்புவரை இறங்கிவிட்டது. அவர் விடாமல் இழுத்தார், நானும் விடவில்லை. என் தோளைக் கடித்தார். இரண்டு பேரும் படியில் உருண்டோம். என் இரத்தம் அவர் முகமெல்லாம். குளத்துக்காரர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"ஏன்யா தடுத்தே?" என்று படகுக்காரி என் காதுக்குள் கேட்டார்.

"அவன் செத்தா கேஸும் செத்துடும்மா. அவன் உள்ள இருக்கணும். உயிரோட இருக்கணும்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ. கைப்பிடி மட்டும் தளர்ந்தது.

பதினாறு தையல். போலீஸ் கேட்டதற்கு, கத்தி என்னுடையது என்று சொன்னேன். அவர்கள் நம்பவில்லை, ஆனாலும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் குளத்துக்காரரின் ஜாமீனை ரத்து செய்தார்கள். அடுத்த நாள் எனக்குச் சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. என்மேலும் வழக்கு உண்டு. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள். எழுத்து அழகாக இருக்க அதுதான் காரணம்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. வாழ்நாளில் யாரும் எனக்கு அப்படி ஒன்று எழுதியதில்லை.

தம்பி

*

அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

கை எப்படி இருக்கிறது? விரல்களை மடக்க முடிகிறதா? அவளையே பதில் எழுதச் சொல், உன்னை நம்ப மாட்டேன்.

நீ "இல்லை" என்று சொன்ன இடத்தை வாசித்ததும் எனக்குக் காது அடைத்தது. பெருமையா, பயமா, தெரியவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். மேலதிகாரியிடம் போய், ஒரு சாட்சியைப் பொய் சொல்லச் சொல்லி நான் கடிதம் எழுதினேன் என்று சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ராஜினாமாவை நானே கொடுத்தால் நல்லது என்றார். கொடுத்துவிட்டேன்.

பொறுப்பு பற்றிய அத்தியாயம் போன வெள்ளிக்கிழமை நிறைவேறியது. "கொண்டுவந்தவர், கையில் வைத்திருந்தவர் இருவரும்" என்று சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன்.

ஜனவரியில் வருகிறேன். உன் வழக்குக்கு வக்கீல் வேண்டுமே. என் கட்டணம் அதிகம், மூன்று வேளைச் சாப்பாடு.

அக்கா

*

டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கை பரவாயில்லை, நடு இரண்டு விரல்கள் மட்டும் மடங்காது. பார், என் கிறுக்கல்தான். இவள் உனக்காக மாடி அறையைச் சுத்தம் செய்கிறாள். மாடிக்குப் போக ஏணிதான், உன் முழங்காலை நினைத்து ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

போன வாரம் ஆற்றைக் கொன்றோம்.

வேறு வழியில்லை என்று இரண்டு நாட்டு அரசுகளும் முடிவெடுத்துவிட்டன. அணைக்கட்டிலிருந்து கீழே ஒன்பது கிலோமீட்டர். அந்த மீனை வலையால் பிடித்து முடியாது. ஒரு ஜோடி மிஞ்சினாலும் மறுபடி வரும். மருந்து ஊற்றினால் செவுளில் போய் அடைத்து எல்லா மீனும் சாகும், இது மட்டும் தனியாகச் சாகாது. முடிந்தவரை நம் ஆற்று மீன்களை முன்னதாகப் பிடித்துத் தொட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வகை.

மருந்து ஊற்ற உள்ளூர்ப் படகுகளைத்தான் எடுத்தார்கள். படகுக்காரி வர மறுப்பார் என்று நினைத்தேன். வந்தார். ஒரே நிபந்தனை போட்டாராம்: "என் படகுல அந்தாளு உக்காந்து ஊத்தட்டும். பாக்கட்டும்." அதனால் என்னையும் கூப்பிட்டார்கள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். அவர் துடுப்புப் போட்டார், நான் டப்பாவைச் சாய்த்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆறு கொதிக்க ஆரம்பித்தது. பெரியவை முதலில் வந்தன, அந்த மீன்கள், நூற்றுக்கணக்கில், வாயைப் பிளந்துகொண்டு படகின் பக்கப் பலகையில் முட்டின. ஒன்று துள்ளி உள்ளே விழுந்து அவருடைய காலடியில் அடித்துக்கொண்டு செத்தது. அவர் காலை நகர்த்தவில்லை. அவை அடங்கிய பிறகு நம் மீன்கள் வந்தன. பிடிபடாமல் தப்பியிருந்தவை. அவற்றை அவர் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துத் துடுப்புப் போட்டார்.

மத்தியானம் பெரிய மடுவுக்கு வந்தோம். ஆற்றில் அதுதான் ஆழம். அங்கே கடைசியாக, மற்ற எல்லாம் செத்து மிதந்த பிறகு, அடிச்சேற்றிலிருந்து ஒன்று மெதுவாக மேலே வந்தது. உள்ளங்கை அளவு. கறுப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மூடியிருந்தது. மோவாயில் நூல் போல நான்கு மீசை. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு ஏழெட்டு.

அவர் துடுப்பை வைத்துவிட்டுக் குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார். இன்னும் செவுள் அசைந்தது. வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் படகில் நாங்கள் பேசிக்கொண்டது அப்போதுதான்.

"இது என்ன மீனு?"

"தெரியலம்மா."

"உங்க புஸ்தகத்துல?"

"இல்ல. எங்கயுமே இல்ல."

தொட்டிகளில் அது ஒன்றுகூட இல்லை. இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. அவர் கையில் அது அசைவதை நிறுத்தும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் அதைத் தண்ணீரில் விட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, துடுப்பை எடுத்தார். அடுத்த டப்பாவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

எந்த ரயில் என்று எழுது. நிலையத்துக்கு வந்து நிற்கிறோம்.

தம்பி